குரங்கு உலகும் கண்டோர் உள்ளமும்

நாடகமாயினும் திரைப்படமாயினும், அதனைப் பார்ப்பதிலும் பார்க்க, பார்த்துக்கொண்டிருப்போரின் முகங்களைப் பார்ப்பதிற் சுவை மிகுதி என்பது எமது நெடுநாளைய அநுபவம். அண்மையில் ஒரு சனிக்கிழமை இரவு எம் இல்லத்து முன்விறாந்தையில் அத்தகைய வாய்ப்பொன்று கிட்டியது. சுவரில் வெள்ளை வேட்டியொன்றைக் கட்டி, இரவலாகப் பெற்ற புரொஜெக்டரின் உதவியால் பழைய ஆங்கிலப் படமொன்றைப் போட்டோம். எண்பது வயதைத் தாண்டிய எம் அன்னையார், இல்லாள், மகள், இளைய மகன் ஆகியோரோடு எம்மிடம் வரலாறு பயிலும் உயர்தர வகுப்பு மாணவர் இருவரும் வந்திருந்தனர்.

படம் 1968 ஆம் ஆண்டு ஹொலிவூட்டில் இருந்து வெளிவந்த 'பிளானெட் ஒவ் த ஏப்ஸ்'. குரங்குகளின் கிரகம் என்று தமிழிற் சொல்லலாம். அறிவும் பேச்சும் படைத்த குரங்குகள் ஆள, ஊமையராகிவிட்ட மனிதர் காட்டில் விலங்குகளாய்த் திரியும் ஓர் உலகின் கதை அது.

படத்திற் குரங்கொன்று முதன்முதலாக வாய் திறந்து பேசியதும் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்னையாரின் முகத்தில் மாத்திரம் ஒரு மாற்றமும் இல்லை. "குரங்கு கதைச்சால் என்ன புதுமை? அனுமார் கதைக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார். சொல்லின் செல்வன் என்று பெயர் பெற்ற ஒருவனின் கதையைக் கேட்டு வளர்ந்த மூதாட்டிக்கு அதில் என்ன வியப்பு இருக்க முடியும்! மகளோ, மனிதரைக் கூட்டில் அடைத்து வைத்திருக்கும் காட்சி வந்தபோது மெல்ல எம் பக்கம் சாய்ந்து, "தெகிவளையிற் சிம்பன்சிக் கூட்டுக்கு முன்னால் நின்று நாங்களும் சிரித்தோம், என்ன அப்பா?" என்றாள்.

ஒரே படம்; ஒரே விறாந்தை. எனினும் ஒருவர் கண்டதை மற்றவர் காணவில்லை. மாணவர் இருவருள் ஒருவன் கண்டது யாது என்பதைப் பின்னர் கூறுவோம். அது எம்மையே சுட்ட ஒன்று.

கதை

டெயிலர் என்னும் அமெரிக்க விண்வெளி வீரன் தோழர்களோடு நெடும் பயணம் மேற்கொள்கிறான். கலம் முன்பின் அறியாத ஒரு கிரகத்தில் ஏரியொன்றுள் வீழ்கின்றது. கலத்தின் கடிகாரம் 3978 ஆம் ஆண்டைக் காட்டுகிறது. அங்கே குதிரை மீதேறித் துவக்குகளோடு வரும் கொரில்லாக்கள் மனிதரை வேட்டையாடுகின்றன. கழுத்திற் குண்டு பட்டுக் குரலிழந்த டெயிலரும் ஊமை மனிதரோடு ஊமையாய்க் கூட்டில் அடைபடுகிறான்.

அந்தச் சமுதாயத்தில் மூன்று வகுப்புகள் உள. கொரில்லாக்கள் படையினர். சிம்பன்சிகள் ஆராய்ச்சியாளர். ஒராங்குட்டான்களே சட்டத்திற்கும் சமயத்திற்கும் காவலர். ஸீரா என்னும் பெண் சிம்பன்சி டெயிலரிடம் அறிவு இருப்பதைக் கண்டுகொள்கிறாள். அவளை மணக்கவிருக்கும் கோர்னீலியஸ், குரங்குகளுக்கு முன்னர் வேறொரு நாகரிகம் இருந்ததற்கு அகழ்வாராய்ச்சியிற் சான்று தேடுகிறான். இவ்விருவருக்கும் எதிரே நிற்பவர் கலாநிதி ஸேயஸ் என்னும் ஒராங்குட்டான். விஞ்ஞானத்திற்கு அமைச்சரும் அவரே. வேத நெறிக்குத் தலைமைக் காவலரும் அவரே. இவ்விரு பதவிகளும் ஒரே கையில் இருப்பதன் விளைவே கதையின் பிற்பகுதி.

ஈற்றில் விடுதலை பெற்ற டெயிலர் கடற்கரை வழியே குதிரையிற் செல்கிறான். மணலிற் பாதி புதையுண்டு நிற்கிறது நியூயோர்க் துறைமுகத்தின் சுதந்திரச் சிலை. வேற்றுக் கிரகம் என்று அவன் எண்ணியது தான் பிறந்த பூமியே. அதனை அழித்தவர் அணுவாயுதம் தாங்கிய மனிதரே. அவன் மணலில் முழந்தாளிட்டுப் புலம்புவதோடு படம் முடிகிறது.

அன்று கண்டோர்

1968 இல் இப்படத்தை விமர்சகர் எல்லாரும் ஒருமிக்கப் புகழ்ந்தார் அல்லர். 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையின் ரெனாட்டா அட்லர் இதனை நல்ல படமென ஒப்பவில்லை. இடையிடையே வேடிக்கை உண்டு என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். 'நியூயோர்க்கர்' சஞ்சிகையின் போலின் கேலோ ஹொலிவூட் தந்த விஞ்ஞானக் கற்பனைகளுள் மிகச் சுவையானவற்றில் ஒன்றென வரவேற்றார். பொதுமக்கள் இவர்களின் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை; படமாளிகைகளிற் கூட்டம் கூட்டமாகக் குவிந்தனர். 1970 முதல் 1973 வரை தொடர்ப் படங்கள் நான்கு வெளிவந்தமையே அதற்குச் சான்று.

அவ்வாண்டின் அமெரிக்காவை நினைவுகூர்ந்தாலன்றி அந்த வரவேற்பின் பொருள் விளங்காது. வியட்நாமிற் போர் நடந்துகொண்டிருந்தது. கியூபா நெருக்கடியில் உலகம் அணுப்போரின் விளிம்பு வரை சென்று மீண்டு ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. படம் நாடெங்கும் ஓடத் தொடங்கிய அதே ஏப்ரல் மாதத்தின் நான்காம் நாள், மார்ட்டின் லூதர் கிங் மெம்பிஸ் நகரிற் சுட்டுக் கொல்லப்பட்டார். பல நகரங்களிற் கலவரம் மூண்டது. இத்தகைய காலத்தில், தோலையும் பிறப்பையும் கொண்டு உயர்வு தாழ்வு வகுக்கும் ஒரு சமுதாயத்தைத் திரையிற் கண்டவர்கள் அதனைக் குரங்குகளின் கதையென்று மாத்திரம் கொள்வரோ? கறுப்பினக் கலைஞரான சாமி டேவிஸ் படத்தைப் பார்த்துவிட்டு, வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் இடையிலான உறவைப் பற்றித் தாம் கண்ட மிகச் சிறந்த படம் இதுவே என்று பாராட்டினார் எனத் தயாரிப்பாளர் தரப்பினர் பின்னாளிற் கூறியுள்ளனர். தாம் அத்தகைய எண்ணத்தோடு படத்தை எடுக்கவில்லையே என்று அவர்கள் திகைத்தனராம். படைத்தவர் அறியாததைக் கண்டவர் அறிந்துகொண்டார்!

படப்பிடிப்பு நடந்த இடத்திலேயே இதனை ஒத்த வேடிக்கையொன்று நிகழ்ந்தது. குரங்கு வேடம் புனைந்தவர்கள் உணவு வேளையிலும் அதனைக் களைய இயலாது. யாரும் சொல்லாமலே கொரில்லா வேடத்தினர் கொரில்லாக்களோடும், சிம்பன்சிகள் சிம்பன்சிகளோடும், ஒராங்குட்டான்கள் ஒராங்குட்டான்களோடும் தனித்தனியே அமர்ந்து உண்டனர். கதாநாயகனாக நடித்த சார்ள்டன் ஹெஸ்டன் இதனைக் கண்டு வியந்து பல தடவை எடுத்துரைத்தார். வேடத்தின் உள்ளே இருந்தவர் அனைவரும் ஒரே தொழில் செய்யும் மனிதர். இரப்பரால் ஆகிய ஒரு முகம் அவர்களைப் பிரித்துவிட்டது. சாதி பார்த்துப் பந்தியை வேறாக்கிய பழக்கம் எம்மிடையே எவ்வாறு வேர்கொண்டது என்று நூல் பல புரட்டுவோர் இந்த மதிய உணவையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அம்முகங்களை ஆக்கியவர் ஜோன் சேம்பர்ஸ். இரண்டாம் உலகப் போரின் பின்னர், போரில் முகமும் உறுப்பும் சிதைந்தோருக்குச் செயற்கை உறுப்புகள் செய்து கொடுத்தவர். மனிதர் மனிதராய் மீண்டும் வெளியே நடமாட முகம் அமைத்த அதே கைகள் மனிதரைக் குரங்காகவும் ஆக்கின. அவ்வேலைக்காக அவருக்குச் சிறப்பு ஒஸ்கார் விருது வழங்கப்பட்டது.

வழக்கு மன்றம்

படத்தில் எம் மாணவரை மிகவும் ஈர்த்தது விசாரணைக் காட்சி. பேச்சு மீண்ட டெயிலரை ஒராங்குட்டான் நீதிபதிகள் மூவர் விசாரிக்கின்றனர். பேசும் மனிதன் ஒருவன் இருத்தல் மறைநூலுக்கு முரண்; ஆகவே கண்முன் நின்று பேசுபவனை இல்லையென்று நிறுவ வேண்டும். கோர்னீலியஸ் தன் கொள்கையை எடுத்துரைக்கும்போது நீதிபதிகளுள் ஒருவர் கண்ணைப் பொத்துகிறார். ஒருவர் காதைப் பொத்துகிறார். ஒருவர் வாயைப் பொத்துகிறார். காந்தியடிகளின் மேசையில் இருந்த மூன்று குரங்குகளை அறியாதார் எம்மிடையே இலர். தீயதைக் காணாதே, கேளாதே, பேசாதே என்று அவை போதித்தன. இங்கோ உண்மையைக் காண மாட்டேன், கேட்க மாட்டேன், பேச மாட்டேன் என்று பொருள் தலைகீழாகிவிடுகிறது.

இக்காட்சி வெறுங் கற்பனையன்று. 1925 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில் ஸ்கோப்ஸ் என்னும் ஆசிரியர், மனிதனின் கூர்ப்பைப் பற்றிக் கற்பித்த குற்றத்திற்காக விசாரிக்கப்பட்டு 100 டொலர் தண்டம் விதிக்கப்பட்டார். குரங்கு வழக்கு என்றே அது பெயர் பெற்றது. அந்த மாநிலச் சட்டம் 1967 இலேயே நீக்கப்பட்டது. ஆர்க்கன்சா மாநிலத்தில் இருந்த அத்தகைய தடையை அமெரிக்க உயர் நீதிமன்றம் செல்லாதெனத் தீர்த்தது 1968 நவம்பரில், அதாவது இப்படம் வெளிவந்த அதே ஆண்டில். மனிதர் மன்றத்திற் குரங்கின் உறவு குற்றமானது போலவே குரங்குகளின் மன்றத்தில் மனிதனின் உறவு குற்றமாகிறது.

திரைக்கதையை எழுதிய இருவருள் ஒருவரான மைக்கல் வில்சனும் விசாரணை மன்றங்களை நன்கு அறிந்தவர். பொதுவுடைமையரைத் தேடிய காலத்தில், 1951 இல், அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் ஒத்துழைக்க மறுத்ததனால் அவர் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறியது. அவர் எழுதிய படங்களில் அவர் பெயர் இடம்பெறாத காலம் ஒன்று இருந்தது. அத்தகைய படங்களுள் ஒன்று எம் நாட்டவர்க்கு மிகவும் அறிமுகமானது. களனி கங்கைக்கு மேலே கித்துல்கலவிற் பாலம் அமைத்து, அதனைத் தகர்த்துப் படமாக்கி 1957 இல் வெளியிட்டார்களே, அந்தக் 'குவாய் நதிப் பாலம்'தான் அது. அதன் திரைக்கதைக்கான ஒஸ்கார் விருது, உண்மையில் எழுதிய வில்சனுக்கும் கார்ள் போர்மனுக்கும் அன்றி, மூல நாவலாசிரியர் பியர் பூலுக்கே வழங்கப்பட்டது. 1984 இலேயே, இருவரும் மறைந்த பின்னர், அக்கடமி தன் பிழையைத் திருத்திக்கொண்டது.

அதே பியர் பூலே குரங்குகளின் கிரகத்திற்கும் மூல ஆசிரியர் என்பது பலர் அறியாத செய்தி.

நாவலும் படமும்

பூல் பிரான்சு நாட்டவர். போருக்கு முன் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிற் பணிபுரிந்தார். போர்க்காலத்தில் இந்தோசீனாவிற் பிடிபட்டுச் சிறைப்பட்டவர், 1944 இல் தப்பினார். ஆள்பவர் ஆளப்படுபவராகவும், காவலர் கைதியாகவும் மாறும் விந்தையைத் தம் வாழ்விலேயே கண்ட ஒருவர் இத்தகைய கதையை எழுதியதில் வியப்பில்லை. 1963 இல் வெளிவந்த அவருடைய நாவலில் குரங்குகளின் கிரகம் நாம் திருவாதிரை என அழைக்கும் விண்மீனைச் சுற்றி வருகிறது. அங்குள்ள குரங்குகள் மோட்டார் வண்டி ஓட்டுகின்றன. ஆராய்ச்சி நிலையங்களை நடத்துகின்றன. கதாநாயகன் பூமிக்குத் தப்பி வருகிறான். பாரிஸ் விமான நிலையத்தில் அவனை எதிர்கொள்ளும் அதிகாரி ஒரு கொரில்லா!

படத்தின் முடிவு உலகெங்கும் புகழ்பெற்றது. பின்னாளில் வீட்டில் வைத்துப் பார்க்கும் படப்பெட்டியின் மேலட்டையிலேயே சிலையை அச்சிட்டுவிட்டார்கள் என்றால் வேறு கூறுவானேன்! ஆயினும் பூலுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தம் முடிவையே தாம் விரும்புவதாக அவர் கூறினார்.

இதனைப் படைப்பாளரின் பிடிவாதமென்று தள்ளிவிடலாகாது. படத்தில் மனிதன் வீழ்ந்தமைக்குக் காரணம் அணுகுண்டு. நாவலிலோ குண்டு ஒன்றும் வெடிக்கவில்லை. மனிதர் மெல்ல மெல்லச் சிந்திக்கச் சோம்பினர். நூல் படிப்பதை விட்டனர். துப்பறியும் கதை படிப்பதுகூட அவர்களுக்குப் பெரும் பிரயாசையாயிற்று. குரங்குகளோ பார்த்துப் பார்த்துப் பழகி, ஏவலராய் இருந்து எசமானர் ஆயின. 1968 இற் படம் கண்டோர் குண்டை அஞ்சினர். அது அக்காலத்தின் அச்சம். வேண்டிய விடையைக் கையடக்கக் கருவியிடம் கேட்டு, அது சொன்னதைச் சொன்னவாறே கொப்பியில் எழுதும் மாணவரை நாள்தோறும் காணும் எமக்கோ நாவலின் முடிவே நெஞ்சை உறுத்துகின்றது.

மாறிய அநுதாபம்

படம் வெளிவந்த காலத்தில் மெய்யான குரங்குகளைப் பற்றிய அறிவும் மாறிக்கொண்டிருந்தது. 1960 இல் ஜேன் குடால் என்னும் ஆங்கிலப் பெண்மணி, ஆபிரிக்காவின் கொம்பே காட்டிற் சிம்பன்சிகள் புல்லுத் தண்டைக் கறையான் புற்றிற் செலுத்திக் கறையான் பிடிப்பதைக் கண்டார். கருவி செய்பவன் மனிதன் மாத்திரமே என்ற இலக்கணம் அன்றோடு தளர்ந்தது. 1966 இல் அமெரிக்காவில் வாஷோ என்னும் பெண் சிம்பன்சிக்குச் செவிப்புலனற்றோரின் சைகை மொழியைப் பழக்கத் தொடங்கினர். அதன் தொண்டை பேச்சுக்கு ஏற்றதன்று. ஆயினும் கைகளாற் பல சொற்களைக் காட்டப் பழகிக்கொண்டது.

இந்த அறிவு பார்ப்போரின் உள்ளத்தையும் மாற்றியது. 1968 ஆம் ஆண்டுப் படத்தின் உச்சக் கட்டம், வலையிற் சிக்கிய மனிதன் திடீரெனப் பேசிவிடுவது. அரங்கில் இருந்தோரின் நெஞ்சு மனிதன் பக்கம் துள்ளியது. 2011 இல் இக்கதை புதிய வரிசையாக எடுக்கப்பட்டபோது, அடிக்க ஓங்கிய காவலனின் கையைப் பற்றிச் சீசர் என்னும் சிம்பன்சி தன் முதற் சொல்லைக் கூறுகிறது. அச்சொல் 'இல்லை' என்பதே. இப்போது பார்ப்போரின் நெஞ்சு குரங்கின் பக்கம் நிற்கிறது! இரப்பர் முகமும் போய், அன்டி சேர்க்கிஸ் என்ற நடிகரின் அசைவுகளைக் கணினி பதிந்து சிம்பன்சியாக ஆக்கித் தந்தது. நாற்பத்து மூன்று ஆண்டுகளிற் கதையின் பக்கங்கள் மாறவில்லை. நாம் நிற்கும் பக்கமே மாறிவிட்டது.

எம் மாணவன் கண்டது

இனி எம் கதைக்கு வருவோம். படத்திலே ஒரு சிறு காட்சி. குரலற்ற டெயிலர் தனக்கு எழுதத் தெரியும் என்பதைக் கூட்டின் புழுதியில் விரலால் எழுதிக் காட்ட முயல்கிறான். அவ்வழியே வந்த ஸேயஸ் எஞ்சியிருந்த எழுத்துகளைக் காண்கிறார். அவை எழுத்துகள் என்பது அவருக்கு நன்கு விளங்குகிறது. விளங்கியதனாலேயே கைத்தடியால் அவற்றை மெல்ல அழித்துவிட்டு நடக்கிறார்.

அப்போது எம் மாணவருள் ஒருவன் திரும்பி எம்மைப் பார்த்தான். ஒரு கணந்தான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆயினும் எமக்கு விளங்கிவிட்டது.

அதற்கு மூன்று நாள் முன்னர், வகுப்பில், அவன் கரும்பலகையருகே வந்து இரண்டு வரிகளை எழுதினான். ஒரே நிகழ்ச்சியைப் பற்றி எமது பாடநூல் கூறுவது ஒன்று. அவன் நூலகத்திற் கண்ட வேறொரு நூல் கூறுவது முற்றிலும் மற்றொன்று. "சேர், இவற்றில் எது மெய்?" என்று கேட்டான். நல்ல கேள்வி என்பது எமக்குத் தெரியும். அதற்கு விடை கூறப் புகுந்தால் ஒரு பாடவேளை போதாது என்பதும் தெரியும். சில உண்மைகளைப் பேசுவதில் எமக்கிருந்த தயக்கமும் ஒருபுறம். "பரீட்சைக்கு இது வராது தம்பி, போய் இரும்" என்று சொல்லி, அழிப்பானை எடுத்து இரு வரிகளையும் அழித்துவிட்டோம்.

படம் முடிந்து விளக்கேற்றிய பின் அவனே பேச்சைத் தொடங்கினான். "சேர், ஸேயஸ் கெட்டவரா?"

எளிய கேள்வியன்று அது. ஸேயஸ் அறிவிலி அல்லர். மனிதனின் பழைய வரலாற்றை அவர் அறிவார். அவன் தன் உலகைத் தானே பாலைவனமாக்கியதை அறிவார். தம் இனத்தைக் காக்கும் பொருட்டே உண்மையை மறைக்கிறார். குகையிற் கிடைத்த சான்றுகளை வெடி வைத்து மூடுகையில் அவர் முகத்தில் வெற்றிக் களிப்பு இல்லை, கவலையே இருக்கிறது. ஈற்றிற் கடற்கரையில் டெயிலர் காண்பது ஸேயஸின் அச்சம் மெய்யென்றே காட்டுகிறது. இவற்றையெல்லாம் எடுத்துக் கூறி, "கெட்டவர் என்று சொல்ல முடியாது" என்றோம்.

அவன் சற்று நேரம் யோசித்தான். "அப்படியென்றால், பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கலாமே சேர்? தெரிந்திருந்தால் மனிதர் செய்த பிழையை அவையாவது செய்யாமல் இருந்திருக்கும்" என்றான்.

அதற்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. அன்னையார் மாத்திரம், "பிள்ளை சரியாய்த்தானே சொல்லுது" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

அரை நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் இப்படத்திற் பலவற்றைக் கண்டிருக்கின்றனர். இன வேற்றுமையைக் கண்டோர் உளர். அணுகுண்டைக் கண்டோர் உளர். மதத்தின் பெயரால் நிகழும் அடக்குமுறையைக் கண்டோர் உளர். ஆயினும் பெரும்பாலோர் அக்குரங்கு முகங்களிற் கண்டது பிறருடைய முகத்தையே. தன் முகத்தைக் காண்பது அரிது. அன்றிரவு எம் மாணவன் எமக்கு அதனைக் காட்டிவிட்டான்.

திங்கட்கிழமை வகுப்பிற் புகுந்ததும் புத்தகத்தைத் திறக்கவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்து, நாம் அழித்த இரு வரிகளையும் நினைவிலிருந்து எழுதினோம். இரண்டாவது வரியில் ஒரு சொல் தவறியிருந்தது. அவன் எழுந்து வந்து அதனைத் திருத்தினான். பாடத்திட்டத்தில் இப்போது மூன்று பாடவேளை பின்தங்கியிருக்கிறோம்.